அந்தப் புத்தகத்தை யார் திறந்து பார்ப்பது?

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் "புருசன் அடிக்கிறான்" என்று பொலிஸுக்குப் போவது கடைசி வேலையாகத்தான் இருக்கும். அதற்கு முன் தாயிடம் போயிருப்பாள். மாமியாரிடம் சொல்லி ஏச்சு வாங்கியிருப்பாள். கோயில் ஐயரோ பாதரோ மௌலவியோ இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துப் பேசியிருப்பார். கிராம உத்தியோகத்தரும் ஒரு தடவை வாசல்வரை வந்து போயிருப்பார். ஒன்றும் சரிவராத பிறகுதான் ஓட்டோ பிடித்து நிலையத்துக்கு வருகிறாள். அப்போதும் தனியாக வரமாட்டாள். கூட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

நான் இதற்குள் வந்தது அந்தச் சிங்களத்தால்தான். கந்தளாயில் வளர்ந்தவள் என்பதால் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வுபெற்றேன். பழைய மாணவிகள், அவர்களுடைய மச்சாள்மார், அயல்வீட்டு அக்காமார் என்று யாராவது வந்து "ரீச்சர், ஒருக்கா கூட வந்து நில்லுங்கோ" என்பார்கள். நான் சட்டத்தரணி இல்லை. பக்கத்தில் நிற்பேன், எழுதியதை வாசித்துச் சொல்வேன், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்கு நிறையத் தெரியவரும்.

வருகிற பெண்களில் பலர் வழக்குக் கேட்டு வருவதில்லை. "எழுத வேணாம் ரீச்சர், கூப்பிட்டு வெருட்டி விடச் சொல்லுங்கோ" என்றுதான் கேட்கிறார்கள். அவனுடைய கூலிக்காசில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. அவன் உள்ளே போனால் பிள்ளைகளுக்கு யார் பார்ப்பது? பொலிஸுக்கும் இது வசதிதான். அவனைக் கூப்பிடுவார்கள், நாலு வார்த்தை ஏசுவார்கள், "இனி அடிக்க மாட்டேன்" என்று நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். பெண் வீட்டுக்குப் போவாள். கோப்பு முடிந்தது.

கொஞ்ச நாளில் அவள் திரும்பி வருவாள். பெண்கள், சிறுவர் பிரிவில் இப்போது வேறொரு கொன்ஸ்டபிள் இருப்பார், பொறுப்பதிகாரியும் இடமாற்றத்தில் போயிருப்பார். பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. புதிய பக்கத்தில் முதல் தடவை நடந்ததுபோல எழுதுவார்கள். நான் ஒருமுறை, "இதே ஆள் இதே புத்தகத்தில் முன்னாடியும் கையெழுத்து வைத்திருக்கிறார், பாருங்கள்" என்றேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பதில் சொன்னார்: "மிஸ், அது முடிஞ்ச கேஸ்." எந்த நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த அதிகாரியைக் குற்றம் சொல்லவும் வரவில்லை. திருப்பிப் பார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பார்க்காவிட்டால் கேட்பாரும் இல்லை.

எனக்குச் சொல்ல இருப்பது அந்தக் கேட்பாரைப் பற்றித்தான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மோசமான சட்டம் இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆபத்து அவசரமானது என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்காலக் கட்டளை வாங்கலாம். அது 14 நாட்களுக்குச் செல்லும், நீடிக்கவும் முடியும். முழுக் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்கள். அடிக்கிறவன் வீட்டுக்குள் வராமல் தடுக்கலாம், அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாமல் தடுக்கலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். அந்தத் தண்டப்பணம் இன்றைக்கு ஒரு நல்ல ஸ்மார்ட்போன் வாங்கவும் காணாது என்பது வேறு கதை.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தச் சட்டம் புருசன் பெண்சாதிக்கு மட்டும் உரியதில்லை. பிரிந்துபோன புருசன், கல்யாணம் எழுதாமல் கூடவாழ்ந்தவன், தகப்பன், சகோதரன், மகன் எல்லோரும் இதற்குள் வருவார்கள். என்னிடம் இப்போது வருகிறவர்களில் தாய்மாரும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசில் வளர்ந்த மகன் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பழகிவிட்டு, தாலிக்கொடியைக் கேட்டு அடிக்கிறான். "பெத்த பிள்ளையில எப்பிடி ரீச்சர் பொலிஸுக்குப் போறது?" என்று கேட்டு அழுகிற தாய்க்கு, அவனைச் சிறைக்கு அனுப்பாமலே வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கச் சட்டத்தில் வழி உண்டு என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடம் பொலிஸ் நிலையம். நான் கூடப்போன தடவைகளில் அந்தப் பேச்சைப் பெரும்பாலும் நான்தான் தொடங்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியும் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க சட்டம் இடம்கொடுக்கிறது. விண்ணப்பித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. விண்ணப்பிக்காவிட்டால் ஏன் என்று எழுதிவைக்கவும் சொல்லவில்லை. எனவே கட்டளை கேட்பதும், தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவதும், கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்புவதும் எல்லாமே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் விருப்பம். 1988ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைச் சட்டப்படி, சாதாரணக் காயம் விளைவித்தல் போன்ற சிறு குற்றங்கள் நீதிமன்றத்துக்கு முன் அங்கேதான் போகவேண்டும். வேலிச் சண்டைக்கு அது நல்ல ஏற்பாடு. ஒரே வீட்டில் படுத்தெழும்பும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரை அடிக்கும்போது, இரண்டு பேரையும் சமமாக இருத்திவைத்து "விட்டுக்கொடுங்கள்" என்றால் யார் விட்டுக்கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மொழி இன்னொரு பாடு. வடக்கிலும் கிழக்கிலும் அரச பதிவேடுகளைத் தமிழில் பேண வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. நடைமுறையில், அடி எங்கே விழுந்தது, என்னத்தால் விழுந்தது என்று ஒரு பெண் தமிழில் சொல்லிக்கொண்டு போவாள், பேனா சிங்களத்தில் எழுதிக்கொண்டு போகும். கடைசியில் அவள் கையெழுத்து வைப்பாள். ஒரு தடவை, "கழுத்தைப் பிடித்து நெரித்தார்" என்று அவள் சொன்னது, தள்ளுமுள்ளு நடந்தது என்ற அளவில் எழுதப்பட்டிருந்தது. வாசித்துப் பார்த்து மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். கழுத்தை நெரிப்பது மற்ற அடிகளைப் போன்றதல்ல. இப்படி நெரிபட்ட பெண் பின்னொரு நாள் கொல்லப்படும் ஆபத்து பலமடங்கு கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிங்களம் தெரிந்த ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருக்காவிட்டால் அந்த வரி அப்படியே இருந்திருக்கும்.

சரி, பொலிஸ் தன் வேலையைச் செய்யவில்லை என்றால் எங்கே போவது? வழி இல்லாமல் இல்லை. 2001இல் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அதன் அதிகாரத்தைப் பிடுங்கியது. 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20ஆவது மறுபடி குறைத்தது, 2022இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் பொதுமக்களின் முறைப்பாட்டைக் கேட்கும் பொறுப்பு அதனிடம் இருந்துகொண்டே வந்தது. இன்னொரு வழி மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி இலக்கமும் 1996தான், மறக்க முடியாது.

அதைவிட மேலே உயர் நீதிமன்றம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 12ஆம் உறுப்புரையைப் பொலிஸ் மீறியது என்று அடிப்படை உரிமை வழக்குப் போடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அடிவாங்கிய பெண் அந்த ஒரு மாதத்தைத் தாய்வீட்டில் காயம் ஆற்றுவதிலும், பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடம் தேடுவதிலும் கழித்திருப்பாள். இதற்கு ஒரு சிறிய சாவி இருக்கிறது, தெரிந்துவைப்பது நல்லது: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. நடைமுறையில் எல்லாமே அந்தப் பெண் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கின்றன. ஊர் வாய்க்குப் பயந்து, பிள்ளைகளை நினைத்து, வருடக்கணக்கில் யோசித்து முதல் முறைப்பாட்டைக் கொடுத்தவள், அது கவனிக்கப்படவில்லை என்று இரண்டாவது முறைப்பாடு கொடுக்க வேண்டும். அதுவும் பொலிஸுக்கு எதிராக. திருகோணமலையில். 83, 90, 2006 என்று கலவரமும் போரும் கண்ட ஊரில், சீருடைக்கு எதிராகப் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நாளைக்கு அவன் மறுபடி அடித்தால் போகவேண்டியதும் அதே நிலையம்தான்.

அப்படியும் துணிந்து ஒருத்திக்காகக் கொழும்புக்குக் கடிதம் எழுதினோம். எந்த அலுவலகத்துக்கு என்பது இருக்கட்டும். பதில் வந்தது, உரிய அதிகாரியிடம் அறிக்கை கோரப்பட்டுள்ளது என்று. உரிய அதிகாரி யார் என்று பார்த்தால், அவள் முறையிட்ட நிலையத்துக்கே மேலதிகாரி. அவர் அறிக்கை கேட்டது அந்த நிலையத்திடம். நிலையம் புத்தகத்தைப் பார்த்து, இரு தரப்பும் இணங்கிக் கையெழுத்திட்டதாக எழுதியது. கையெழுத்து உண்மைதான்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, இலங்கையில் கணவன் அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் அவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். அவர்களில் பொலிஸ் வாசல் மிதிக்கிறவர்கள் கொஞ்சம், அதற்குப் பிறகு பொலிஸைப் பற்றி முறையிடுகிறவர்கள் அதிலும் கொஞ்சம். அந்தக் கடைசிச் சொச்சத்தை வைத்துக்கொண்டு முழு வேலையையும் அளக்க முடியாது. முறைப்பாடு வரவில்லை, ஆகவே எல்லாம் நன்றாக நடக்கிறது என்ற முடிவுக்குத்தான் அது கொண்டுபோகும்.

நான் படிப்பித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வரும். எந்தப் பெற்றாரும் முறைப்பாடு கொடுத்திருக்க மாட்டார்கள். குழு வந்து பாடக்குறிப்பைத் திறக்கும், வரவுப் பதிவேட்டைத் திறக்கும், பின்வாங்கில் இருக்கும் பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்கும். எங்களுக்குப் பிடிக்காது, முதல்நாள் இரவு நித்திரையும் வராது. ஆனாலும் அந்த வாரம் பாடக்குறிப்பு ஒழுங்காக இருக்கும். பெண்கள், சிறுவர் பிரிவின் புத்தகத்தையும் வெளியாள் ஒருவர் இப்படித்தான் திறக்க வேண்டும். யாரும் முறையிடும்வரை காத்திருக்கக் கூடாது.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 பொலிஸ் படைகளையும் அங்குள்ள பொலிஸ் பரிசோதனை அமைப்பு வீட்டு வன்முறை விடயத்தில் ஒன்றுவிடாமல் சோதித்து, 2014 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள், பாதிக்கப்பட்ட பெண்களிடம் பேசினார்கள். பல இடங்களில் வேலை போதாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஒவ்வொரு படையும் என்ன திருத்தப்போகிறது என்று அதே ஆண்டு செப்டம்பருக்குள் திட்டம் வெளியிட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2011 முதல், வீட்டு வன்முறையில் ஒருவர் இறந்தால் முன்பு யார் யாருக்கு எப்போது தெரியும், என்ன செய்தார்கள் என்று பல தரப்பும் சேர்ந்து ஆராயும் நடைமுறையும் அங்கே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சாவு நடந்தால் பத்திரிகையில் "குடும்பத் தகராறு" என்று வரும், மரண விசாரணை நடக்கும், கொலை வழக்கு நடக்கும். அவள் எத்தனை தடவை நிலையத்துக்குப் போனாள் என்று கேட்கும் வேலை யாருடையதும் இல்லை.

பெயருக்குச் சபை அமைத்தால் போதாது என்பதற்கு அக்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு ஒன்றும் மாவட்டத்துக்கு ஒன்றுமாகக் காவல்துறை முறைப்பாட்டு ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் செய்தது. மாநில ஆணையத்துக்குத் தலைவராக்கியது உள்துறைச் செயலாளரை. காவல்துறை இயங்குவதே அவருடைய துறையின் கீழ்.

"பெண்ணே முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறாள், நாங்கள் என்ன செய்வது?" என்று பொலிஸில் அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வியன்னாவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். சாஹிடே கோக்சே என்ற பெண்ணின் வீட்டுக்குப் பொலிஸ் பலதடவை வந்து புருசனை வெளியேற்றியிருந்தது. அவன் மிரட்டியதற்கு வழக்குத் தொடர அவளே சம்மதம் கொடுக்கவில்லை. 2002 டிசம்பரில் ஒரு நாள் அவசர இலக்கத்துக்கு அழைத்தாள், வாகனம் வரவில்லை. சில மணி நேரத்தில் அவன் அவளைச் சுட்டுக் கொன்றான், பிள்ளைகள் பார்த்திருக்க. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐநா குழு 2007இல் ஆஸ்திரிய அரசே பொறுப்பு என்று முடிவு செய்தது. அவள் சம்மதிக்காதது அரசைக் காப்பாற்றவில்லை. இவன் ஆபத்தானவன் என்று பொலிஸுக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை, அதுதான் கணக்கு. இலங்கையும் 2002இலேயே அந்தக் குழுவுக்குத் தனிநபர் முறையிடும் நெறிமுறையை ஏற்ற நாடு. உள்நாட்டில் எல்லா வழியும் முடிந்த பிறகு வெருகலில் இருந்தும் ஒரு பெண் அங்கே போகலாம். வெருகலில் இருந்து ஜெனீவாவுக்குப் போக வழி இருக்கும்போது, அவளுடைய நிலையத்துப் புத்தகத்தை மூதூரிலோ திருகோணமலையிலோ யாராவது திறந்து பார்க்க வழி இல்லாதது எனக்கு விளங்கவில்லை.

யார் பார்ப்பது என்று கேட்டால், சிவில் பாதுகாப்புக் குழு வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். அதைக் கூட்டுவது பொலிஸ். அதில் இருப்பது ஊர்ப் பெரியவர்கள், கடை முதலாளிகள், அடிக்கிறவனின் மாமனும் சித்தப்பனும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலிருந்து ஒருவர், ஓய்வுபெற்ற நீதவானோ வேறு மாவட்டத்துச் சட்டத்தரணியோ ஒருவர், தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் போதும். காலாண்டுக்கு ஒரு தடவை வந்து, தாங்களே தெரிவு செய்யும் பக்கங்களைத் திறக்கட்டும். எந்த மொழியில் எழுதியிருக்கிறது, வைத்தியப் பரிசோதனைக்கான படிவம் கொடுத்தார்களா, பாதுகாப்புக் கட்டளை பற்றிச் சொன்னார்களா, கட்டளை கேட்கவில்லை என்றால் காரணம் என்ன, இதே பெயர் முன்பு வந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பெண்களிடம் பேசுவதானால் வீட்டுக்குப் போகக் கூடாது, கைத்தொலைபேசிக்கும் எடுக்கக் கூடாது. பல வீடுகளில் போன் அவன் கையில்தான் இருக்கும். கிளினிக் நாளில், பிரதேச செயலகத்தில், அவள் எப்படியும் போகும் ஒரு இடத்தில் பேசட்டும். பெயர்கள் வெளியே வரக்கூடாது, நிலையத்தின் பெயர் கட்டாயம் வரவேண்டும்.

இது பொலிஸுக்கு எதிரான வேலை என்று நான் நினைக்கவில்லை. ஒரு நிலையத்தில் பெண்கள் பிரிவில் இருந்த தங்கச்சி ஒருத்தி, தென்பகுதிப் பிள்ளை, தான் படித்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு முழுப் பிரதேசத்தையும் தனியாகச் சமாளித்தாள். வாகனம் கேட்டால் கிடைக்காது. நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினால் "ஏன் இந்தத் தலையிடி" என்று மேலே கேட்பார்கள். "யாராவது வெளியில இருந்து வந்து இந்தப் பிரிவுக்கு ஆள் காணாது எண்டு எழுதினா நல்லம் ரீச்சர்" என்று அவளே சொன்னாள்.

அதுவரைக்கும் நாங்களும் சிலதைக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு பொலிஸ் பிரிவில் கடந்த வருடம் எத்தனை வீட்டு வன்முறை முறைப்பாடுகள், அவற்றில் எத்தனையில் பொலிஸே பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பித்தது என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடிவாங்கியவள் கேட்கத் தேவையில்லை, அவளுடைய பெயரும் தேவையில்லை. நான் கேட்டுப்பார்த்தேன். முறைப்பாடுகளின் மொத்தமும், அவற்றில் பெரும்பகுதி தீர்க்கப்பட்டது என்றும் வந்தது. கட்டளைகள் பற்றிய கேள்விக்கு நேராக இடம் வெறுமையாக இருந்தது. மேன்முறையீடு செய்திருக்கிறேன்.

2024இல் பெண்களை வலுவூட்டும் சட்டம் நிறைவேறி, பெண்களுக்கென்று தேசிய ஆணைக்குழு அமைக்க வழி பிறந்தது. அதிலிருந்து யாராவது திருகோணமலைக்கு வந்தால் கச்சேரி (மாவட்டச் செயலக) மண்டபத்தில் கூட்டம் வைப்பார்கள், குத்துவிளக்கேற்றுவார்கள், எங்களையும் அழைப்பார்கள். போவேன். கேள்வி கேட்கும் நேரம் வந்தால், கூட்டம் முடிந்து போகிற வழியில் எந்த நிலையத்திலாவது இறங்கி, முன்னறிவித்தல் இல்லாமல் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன். இருக்கிறது என்றால் கூடப்போய் வாசித்துச் சொல்ல நான் தயார்.